கோலமாவுக் கோடு

"தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல என்ன தெரியுது? வரைஞ்சு காட்டும்மா" என்றார் மிஷன் வீதி டாக்டர்.

வேதவல்லி பிறை போல வளைத்து, ரம்பப் பல்லாகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். "இப்படி மின்னுதுங்க."

பக்கத்தில் நின்ற அப்பா பலராமன் குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"ஒத்தைத் தலைவலிதான். கண்ணு போயிடாது. பரம்பரையா வரும். அம்மாவுக்கு இருந்துச்சா?"

"நான் கைக்குழந்தையா இருக்கசொல்லவே அம்மா காலராவுல செத்துட்டாங்க."

"இருந்துச்சு டாக்டர் முசே" என்றார் பலராமன். "இதே கோட்ட வாசல்ல கோலமாவுல போட்டு, 'பாருங்க, பாருங்க'ன்னு அழுதா. சூனியம் வெக்கிறான்னு காலால அழிச்சிட்டு, தாய்வீட்டுக்குத் துரத்திட்டேன்."

வேதவல்லி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அம்மா உயிரோட இருக்காங்களாப்பா?"