மேனேஜரின் குரல்

மேனேஜர் யாருக்கும் முகம் காட்டுவதில்லை. ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும். புதிதாகச் சேர்ந்தவள் தயங்கித் தயங்கி லீவு கேட்டாள். "குழந்தைக்குக் காய்ச்சல், சார்."

"உடனே கிளம்பும்மா. வேலை எங்கேயும் ஓடிடாது."

மறுநாள் நன்றி சொல்ல அவருடைய அறைக் கதவைத் திறந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"சார் இல்லையா?"

"அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு. அவர் குரல்ல மெஷின் பேசுது. அவர் என்ன முடிவெடுப்பார்னு தெரிஞ்சவள்னு, அவர் சம்சாரம் என்னை இங்க உட்கார வச்சிருக்காங்க."

"தங்கமான மனுஷன்மா" என்றாள் புதியவள் கண்கலங்கி.

"எங்க பையன் காய்ச்சல்ல கிடந்தப்போ லீவு போடுங்கன்னு கெஞ்சினேன். வேலைதான் முக்கியம்னுட்டார். பிள்ளை பிழைக்கலை. அன்னைக்கு எங்கிட்ட சொல்லாததை, நேத்து உங்கிட்ட சொல்ல வச்சேன்."