நான்கு கைகளும் ஒரு மைக்கும்

மேடையில் நான்கு அறிஞர்கள், ஒரே மைக். உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் தலைவராக இன்று ஒரே கலீஃபா வேண்டுமா, நாட்டுக்கு நாடு ஆட்சியாளர் போதுமா என்பது விவாதம். ஒரே கலீஃபா வேண்டும் என்கிற இருவரும் மைக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார்கள். நாட்டுக்கு ஒருவர் போதும் என்கிற இருவரும் தங்கள் பங்குக்கு அதில் கை போட்டிருக்கிறார்கள். பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசைக்கு மேல், மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. அந்த வரிசையில் இருக்கும் கணக்கு டீச்சர் ஒருவர் மூன்றாவது முறையாக எழுதி அனுப்பிய கேள்விச் சீட்டு, கூட்டத் தலைவரின் தண்ணீர் டம்ளருக்கு மூடியாகிவிட்டது திரையின் கிழிசல் வழியே தெரிகிறது.

"விடுங்க அண்ணி, அதையெல்லாம் எங்க படிக்கப் போறாங்க" என்று நாத்தனார் முந்தானையை இழுக்கிறாள். டீச்சர் எழுந்து திரையை ஒதுக்குகிறார். வளையங்கள் கம்பியில் கரகரவென்று ஓடுகின்றன.

"மைக் இல்லாம பேசக்கூடாதும்மா" என்கிறார் தலைவர்.

"அறுபது பிள்ளைங்க இருக்கிற வகுப்புங்க என்னுது. எனக்கெதுக்கு மைக்? கலீஃபா ஒருத்தரோ ஒம்பது பேரோ, இருந்துட்டுப் போகட்டும். நபிக்கு அப்புறம் வந்த ரெண்டாவது கலீஃபாவையே பள்ளிவாசல்ல ஒரு பொம்பளை எழுந்து தப்புன்னாங்க. அவரும் ஒத்துக்கிட்டாரு. நீங்க கொண்டுவர்றவர் தப்பு செஞ்சா, நாங்க எங்க நின்னு சொல்றது?"

நான்கு கைகளும் மைக்கை விட்டுவிடுகின்றன. "நீங்களே சொல்லுங்க ஹஜ்ரத்" என்று ஒருவர் அதை அடுத்தவர் பக்கம் நகர்த்துகிறார். அவர் அதற்கடுத்தவர் பக்கம் நகர்த்துகிறார். டீச்சர் உட்காரவில்லை.