கம்பி இடைவெளி

'இன்னைக்கும் சிந்தாம தின்னுடு, தாயே' என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே அவள் லாயத்துக்குள் நுழைந்தாள்.

குட்டியிலிருந்து அவள் வளர்த்த சிவப்புக் குதிரை, தொட்டியில் வைத்த புல்லில் பாதியைக் காலடியில் இழுத்துப்போட்டு மிதிக்கும். மிதித்ததை முகர்ந்துகூடப் பார்க்காது. "இன்னும் ஒரு நாள் இறைச்சாலும் இத வித்துடுவேன்" என்று முதலாளியம்மா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

குதிரையைக் காப்பாற்ற நேற்றுதான் அவள் வெல்டரைக் கூட்டிவந்து தொட்டியின் முகப்பில் கம்பிகளை நெருக்கி வைத்தாள். இனி வாய் வாயாக உருவித்தான் தின்ன முடியும். லாயம் பெருக்கும் அவளுடைய அண்ணன்தான் கம்பி பிடித்துக் கொடுத்தான். "இனிமே உன் செல்லத்த யாரும் அசைக்க முடியாதும்மா" என்றான்.

நேற்று மாலையில் ஒரு துரும்பும் கீழே விழவில்லை.

இப்போது அவள் உள்ளே வந்தபோது தரையெல்லாம் புல் கிடந்தது. கம்பிகளுக்கு நடுவே இரும்புக் குழாயைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தான் அண்ணன்.

"என்னண்ணே பண்றே?"

அவன் திடுக்கிடவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினான்.

"கீழ விழுந்தது பெருக்கறவனுக்குன்னுதானே இங்க வழக்கம்? அதுலதான் என் வீட்டு மாடு ரெண்டும் வயிறு வளக்குது. நீ பாட்டுக்கு அடைச்சுட்டா அதுங்க எதத் தின்னும்?"

அவளுக்குப் புரிந்தது. கம்பி பிடித்துக் கொடுக்கும்போதே இதையும் நினைத்திருக்கிறான்.

வெளியே முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

"குதிரைதான் முட்டி வளைச்சிடுச்சுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க" என்று குழாயைப் புல்லுக்கடியில் தள்ளினான்.

அவள் குனிந்து அதை வெளியே எடுத்தாள்.

"அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேண்ணே."