ட்ரம் வாசிச்சது மக்டலீன்

“அவளுக்கு எரிச்சல் தம்பி. வேறை ஒண்டுமில்லை,” என்றார் அம்மா.

ஜெயதீபனும் அப்படித்தான் நினைத்தான்.

ட்ரம் மெசின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமா மகள் மக்டலீன் குறை சொல்லியே கொல்லுகிறாள். கோயில் பாடகர் குழுவுக்கு ட்ரம் வாசிக்கிறவள் அவள்தான். மெசின் வந்தால் அவளை இனி ஆர் கூப்பிடப் போகிறார்கள்?

யாழ்ப்பாணத்துக் கடையில் இரண்டு மெசின்கள் இருந்தன. ஒன்றில் ஆயத்தத் தாளங்கள் நிறைய. பொத்தானை அமத்தினால் போதும், தானே வாசிக்கும். மற்றதில் ஒரு தாளமும் இல்லை. ரப்பர்க் கட்டங்களை விரலால் தட்டி, ஒவ்வோர் அடியையும் நாமே பதிய வேண்டும்.

ஜெயதீபன் இரண்டாவதைத்தான் எடுத்தான்.

“ஆரோ சமைச்ச சோறு எனக்கு வேண்டாம்.”

அந்தோனியார் திருநாளுக்கு வருடாவருடம் திருநாள் குழுவினர் ஒரு புதுப்பாட்டைத் தெரிந்தெடுப்பார்கள். சொரூபப் பவனி முடிந்ததும் அதுதான் ஒலிபெருக்கியில் போகும். ஜெயதீபன் அனுப்பிய பாட்டு இதுவரை ஒன்றுகூட எடுபடவில்லை. இந்த முறை விடுவதில்லை என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவில் இறங்கினான்.

சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு மக்டலீன் வந்தாள்.

“மச்சான், உன்ரை மெசினுக்கு எத்தினை கை?”

“ஏன்?”

“சிம்பலும் அடிக்குது, பக்கத்து ட்ரம்மெல்லாம் அதே நேரத்திலை அடிக்குது. மனிசர் அடிக்கிறதெண்டால் நாலு கை வேணும்.”

“மெசின்தானே மச்சாள்.”

“கேக்கிறது மனிசர்.”

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அடிகளை அழித்தான்.

அடுத்த நாள் வேறொன்று.

“எல்லா அடியும் ஒரே கனம். ஆணி அறையிறவன்கூட இடைக்கிடை மெல்லமாய்த் தட்டுவான்.”

சிலதை மெலிதாக்கினான்.

பிறகும் வந்தாள். “கடைசி வரியிலை நீ மூச்சு வாங்கிறாய். உந்த மெசின் வாங்கேல்லை. தன்ரைபாட்டிலை ஓடுது. கொஞ்சம் பிந்தி விழப் பண்ணு.”

“அப்ப நீ வந்து அடியன், பாப்பம்!”

“நீ கூப்பிட்டால்தானே!”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டைத் தன் போனில் ஏற்றிக்கொண்டுதான் போனாள்.

“வீட்டிலை இருந்தும் பிழை பிடிக்கவாக்கும்,” என்றார் அம்மா.

பாட்டு எடுபட்டது!

திருநாளன்று பவனி கோயிலுக்குத் திரும்பியதும் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றவர்கள் கொறிப்பதை நிப்பாட்டினார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜெயதீபனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

திருநாள் குழுத் தலைவர் செபநாயகம் மைக்கைப் பிடித்தார்.

“பாட்டு, இசை, குரல் எல்லாம் எங்கடை ஜெயதீபன்! ட்ரம் வாசிச்சது எங்கடை மக்டலீன்!”

அது ஜெயதீபன் விரல் நோகத் தட்டிப் பதிந்த தாளம்! சனத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனான்.

“நீயோ வாசிச்சனி? வெக்கமில்லையே?”

அவள் வாயைத் திறக்க முன்னம் மைக் மறுபடியும் கூப்பிட்டது.

“ரெண்டு பேரும் மேலை வாங்கோ! சனம் நேரிலை கேக்க ஆசைப்படுது!”

ஜெயதீபனுக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம்; துள்ளிக் குதிக்காத குறை.

“ஏறு மச்சாள், ஏறு. உன்ரை வண்டவாளம் இப்ப தெரியும்.”

அவள் மேடையில் ஏறி, பாடகர் குழுவின் ட்ரம்முக்குப் பின்னால் இருந்து குச்சிகளை எடுத்தாள்.

முதல் வரி. அடி சரியாக விழுந்தது.

இரண்டாவது வரி. அதுவும் சரி. அவன் விரலால் தட்டித் தட்டிப் பதிந்த அதே அடிகள். ஆனால் இப்போது மேடைப் பலகை அதிர்ந்தது.

ஆளை மாட்டிவிட நினைத்து, கடைசி வரியை வேண்டுமென்றே இழுத்தான். அவளின் அடியும் இழுபட்டு, பிந்தி வந்து, நச்சென்று விழுந்தது. சனம் ஓவென்று கத்தியது.

அதற்குப் பிறகு அவனுக்குக் கோபம் மறந்துபோனது. தொண்டை திறந்து பாடினான். “இன்னொருக்கால்! இன்னொருக்கால்!” என்று கேட்டார்கள். இன்னொருக்காலும் பாடினான். தான் செய்த தாளத்துக்குள் நின்று தானே இப்படிப் பாடுவேன் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

மேடையால் இறங்கும்போதுதான் கோபம் திரும்பி வந்தது.

“களவெடுக்கவெண்டே எல்லாத்தையும் பாடமாக்கினனியோ?”

“ஓம்,” என்றாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

என்ன நெஞ்சழுத்தம்! அவன் அடுத்ததைச் சொல்ல முன்னம் செபநாயகம் வந்து தோளில் தட்டினார்.

“தம்பி, இவளுக்கு நன்றி சொன்னனியோ? நீ மெசின் வாங்கினதை அறிஞ்சு, கோயில் பாட்டுக்கு மெசின் அடி வேண்டாம், உன்ரையை இந்த முறையும் எடுக்கிறேல்லை எண்டுதான் முடிவெடுத்தனாங்கள். இவள்தான் கூட்டத்துக்கை வந்து, ‘ட்ரம் அடிச்சது நான், நம்பேல்லையெண்டால் திருநாளண்டு என்னை மேடையிலை ஏத்திப் பாருங்கோ’ எண்டு சவால் விட்டவள்.”