தகரம் தட்டும் சத்தம்

காட்டோரத்தில் லாரியை நிறுத்திப் பண்ணைக் கௌதாரிகளைத் திறந்துவிட்டார்கள். அதில் ஒன்று புதருக்குள் ஓடிவந்து, அங்கே பதுங்கியிருந்த காட்டுக் கௌதாரியைப் பார்த்தது.

"இவ்ளோ பெரிய காட்டுல நீ மட்டும்தானா?"

"சத்தம் போடாதே. எங்க கூட்டத்துல மிச்சம் நான் ஒருத்திதான். போன வாரமும் இப்படித்தான் ஒரு லாரி வந்துச்சு."

"அதுலதான் எங்க அக்கா வந்தா! வந்தவங்க யாருமே பண்ணைக்குத் திரும்பல. இடம் அவ்வளவு நல்லா இருக்கும்போலன்னு பேசிக்கிட்டோம். அக்கா எங்கே?"

காட்டுக் கௌதாரி வாயைத் திறப்பதற்குள், தூரத்தில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பறவைகளைக் கிளப்பிவிட ஆட்கள் தட்டினார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே வெட்டவெளியில் துப்பாக்கிகள் காத்திருந்தன.

"படுத்துக்கோ! அசையாதே!"

"ஏன் இப்படி நடுங்குறே? பண்ணையில தகரம் தட்டித்தான் தீனி போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே பண்ணைக் கௌதாரி சத்தம் வந்த பக்கம் ஓடியது. "அக்காவும் அங்கேதான் வந்திருப்பா!"