அடுத்த வாரம்

"ஒரு கையெழுத்து, ஒரு சீல். இதுக்கு எத்தனை நாள் சார் ஆகும்? இன்னியோட பதினேழு நாள்!"

கணக்கு டீச்சரின் குரல் ஆபீஸ் ரூமைத் தாண்டி வராந்தா வரைக்கும் கேட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். ஃபைலைப் புரட்டினார்.

"அடுத்த வாரம் பாக்கலாம் டீச்சர்."

இந்த ஒரு பதிலுக்காகவே ஸ்டாஃப் ரூமில் அவருக்கு 'அடுத்த வாரம்' என்று பெயர்.

டீச்சர் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. அந்த நாட்டில், வெளியிலிருந்து வந்த வாத்தியார்களுக்கு வேலை அனுமதி என்பது பள்ளிக்கூடத்தோடு முடிச்சுப் போட்டது. வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால், பழைய பள்ளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது புதுப் பள்ளிக்குப் போனால்தான் புது விசா.

மூன்று தெரு தள்ளி, புதுப் பள்ளியில் வேலை தயாராக இருந்தது. சம்பளம் ஏறக்குறைய இதேதான். ஆனால் கணவரையும் மகளையும் அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு இரண்டரை வயது. இப்போது ஐந்தரை. போன வாரம், போன் திரையில் மூக்கு ஒட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, நீ நிஜத்துல எவ்வளவு உசரம்?"

டீச்சர் எழுந்து நின்று, கை நீண்ட மட்டும் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தது.

"மீதியை நேர்ல வந்து பாத்துக்கோ" என்று சிரித்தாள். பேசி முடித்த பிறகும், நின்ற இடத்தை விட்டு நகரத் தோன்றவில்லை.

"கடிதத்தை இழுக்கறது வேணும்னே பண்றது டீச்சர்" என்றார் ஸ்டாஃப் ரூமில் அறிவியல் வாத்தியார். "ஒண்டிக்கட்டை மனுஷன். மத்தவங்க குடும்பத்தோட சேர்ந்தா வயிறு எரியத்தானே செய்யும்?"

மறுநாள் கிளார்க் புதிதாக ஒன்றைக் கிளப்பினார்.

"உங்க கல்யாணச் சான்றிதழ், குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், ரெண்டுக்கும் நகல் கொண்டு வாங்க."

"வேலையை விட்டுப் போறதுக்கு, என் பொண்ணு பொறந்த கதை எதுக்கு சார்?"

"ஃபைல்ல இருக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அதற்கப்புறமும் பத்து நாள் ஓடியது. கடிதம் வந்தபாடில்லை.

அன்று சாயங்காலம் கணவர் பேசினார்.

"பாப்பா அவளாவே பெட்டி கட்டிட்டா. தினமும் துணியெல்லாம் வெளியே எடுத்துப் போடறா, திரும்ப அடுக்கறா. எப்பன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அடுத்த வாரம்னு சொல்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது.

விடிந்ததும் விடியாததுமாக ஆபீஸ் ரூமில் போய் நின்றாள்.

"பெத்த பிள்ளையைப் பிரிஞ்சிருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? தெரிஞ்சா இப்படி இழுத்தடிப்பீங்களா?"

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபைல் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"புதன்கிழமை வாங்க டீச்சர்."

புதன்கிழமை கடிதம் உறையில் தயாராக இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை? வரவில்லை.

மூன்று வாரத்தில் புது அனுமதி வந்துவிட்டது. புதுப் பள்ளியின் ஆபீஸ் அம்மா அதை நீட்டினார்.

"இந்தாங்க. உங்க பேர், வீட்டுக்காரர் பேர், குழந்தை பேர், மூணும் இருக்கு. சரி, அந்தப் பழைய பள்ளிக்கூடத்து கிளார்க் உங்களுக்கு என்ன வேணும்? கூடப் பொறந்த அண்ணனா?"

"அவரா? எனக்கா? ஏன் கேக்கறீங்க?"

"முதல்ல நாங்க உங்களைத் தனி ஆள்னு தப்பாப் பதிஞ்சுட்டோம். அந்தப் பதிவோட நகல் அவர் கைக்குப் போனதும் தப்பைப் பிடிச்சுட்டார். அப்பவே அவர் கடிதம் கொடுத்திருந்தா, அந்தப் பதிவே நிலைச்சிருக்கும். அப்புறம் குடும்பத்தைச் சேர்க்க ரெண்டு வருஷம் காத்துக் கிடக்கணும். 'நீங்க மாத்தற வரைக்கும் நான் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டேன்'னு தினமும் போன். உங்க சான்றிதழ்களைக்கூட, சாப்பாட்டு நேரத்துல நடந்தே வந்து அவர்தான் கொடுத்துட்டுப் போனார்."

டீச்சர் கையிலிருந்த அனுமதித் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'குடும்ப விசா கிடைக்குமோ கிடைக்காதோன்னு அவங்க தவிக்கறதைவிட, என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னார்."

"இந்தச் சட்டமெல்லாம் அவருக்கு எப்படி இவ்வளவு அத்துப்படி?"

ஆபீஸ் அம்மா மேஜைமேல் கிடந்த விசா ஃபாரங்களைச் சேர்த்து அடுக்கினார்.

"கேட்டேன். 'கிளார்க் வேலைக்குக் குடும்ப விசா கிடையாதும்மா. எங்கேயாவது ஒரு வழி இருக்காதான்னு பதினோரு வருஷமா ஒரு ஃபாரம் விடாமப் படிச்சுட்டிருக்கேன். அதுக்குள்ள என் பையன் மீசையோட போட்டோ அனுப்பிட்டான்'னார்."