ஸ்டாண்ட் இல்லாத சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், டீக்கடை வாசலில் இடியாப்பக்காரர் பஷீரின் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டு நின்றிருந்தது. புத்தம்புதுக் கியர் சைக்கிளில் வந்து இறங்கிய ஒரு தொப்பைக்காரர், அதைப் பஷீரின் சைக்கிள்மேல் சாய்த்துவிட்டுப் பொங்கல் வடை சாப்பிட உள்ளே போனார்.

சாய்ந்த உடனேயே கியர் சைக்கிள் ஆரம்பித்துவிட்டது. "என்னய்யா, கேரியர், மட்கார்டு, பெல்லுன்னு ஒரு வீட்டையே தூக்கிட்டு அலையுற? என் மொத்த எடையே எட்டு கிலோதான்!"

"உங்காளு தொப்பையே அதைவிட இருக்குமே?" என்றது இடியாப்பச் சைக்கிள்.

"அதைக் குறைக்கத்தான் என்னை வாங்கியிருக்காரு."

உள்ளே அவர் இன்னொரு வடை கேட்பது வாசல்வரை கேட்டது. கியர் சைக்கிள் சட்டென்று பேச்சை மாற்றியது.

"அதை விடு. இவ்வளவு பெரிய ஸ்டாண்டு எதுக்கு உனக்கு? எங்க ஜாதியில அந்தச் சனியனே கிடையாது. நாங்கல்லாம் நிக்கப் பொறந்தவங்க இல்ல, பறக்கப் பொறந்தவங்க."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டது. இடியாப்பச் சைக்கிளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நகராமல் நின்றது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ, "இடியாப்பம்!" என்று கூப்பிட்டார்கள். பஷீர் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஸ்டாண்டைத் தட்டி, சைக்கிளை வெடுக்கென்று இழுத்தார்.

டமார்!

இடியாப்பச் சைக்கிள் போகிற போக்கில் திரும்பிப் பார்த்தது. "அடி பலமா தம்பி?"

டீக்கடைக் கழுநீரில் மல்லாந்து கிடந்த கியர் சைக்கிள் முன்சக்கரத்தைச் சுற்றியபடியே சொன்னது: "யாரு விழுந்தா? காத்து தடுக்காம இருக்கக் குனிஞ்சிருக்கேன். நீ போய்க்கிட்டே இரு, இப்ப ஓவர்டேக் பண்றேன்."